வடக்கே போன ஸ்கூட்டர்!

சென்னையில் புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வண்டியில் ஏறினால், ஹேண்டில்பார் தானாகவே தெற்கே திரும்பிக்கொள்ளும். திருவான்மியூர், கோவளம், மாமல்லபுரம்... பரம்பரைப் பழக்கம்! தெற்குதான் எமன் திசை என்பார்கள் பெரியவர்கள். சென்னைவாசிகளுக்கு மட்டும் வடக்கு! 'விம்கோ நகர்ல இருக்கேன்' என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். 'ஐயோ பாவம்' என்று வாய் சொல்லாது. முகம் சொல்லும்.

எங்கள் ஊர்ப் பெயரே ஒரு தமாஷ். 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. இருப்பது கிழக்குக் கரை, பெயரில் மேற்கு! தீப்பெட்டி போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 2021-ல் மெட்ரோ ரயில் வந்தபோதுகூட ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கம்பெனி ஒரகடம் பக்கம் போகப் போகிறது.

"நாமளும் அந்தப் பக்கமே குடி போயிடலாம்மா. இந்த லாரித் தூசி கிடையாது. பாப்பாவுக்கு இருமலாவது நிக்கும்" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால், மூன்று தெரு தள்ளி என் அம்மா தனியாக இருக்கிறாள். 'சரிங்க' என்றும் சொல்ல வரவில்லை, 'முடியாதுங்க' என்றும் சொல்ல வரவில்லை. ஒரு வாரம் எங்கள் வீட்டில் குக்கர் மட்டும்தான் வாய் திறந்து பேசியது.

எட்டாம் நாள் நானே ஆரம்பித்தேன். "ஞாயித்துக்கிழமை எங்கியாச்சும் போய்ட்டு வருவோங்க."

"மகாபலிபுரமா?"

"பழவேற்காடு!"

ரசத்தில் உப்புப் போட மறந்த நாளில் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அதே பார்வை. ஆனாலும், பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். எங்கள் ஸ்கூட்டருக்கு வயது பதினொன்று. நாலு உதை வாங்கினால்தான் நகரும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறினால் வலது கை பக்கம் கடல், இடது கை பக்கம் கன்டெய்னர் லாரி. கடல் இருக்கிறதே தவிர, மணல் இல்லை. வரிசையாகக் கருங்கற்கள்! ஒவ்வொன்றும் கல்யாணச் சீர் பீரோ சைஸ். அலை வந்து மோதி, ரோடு வரை தெறிக்கிறது. கல்லைக் கொட்டி, கடலுக்குள் நீட்டி, தூண்டில் வளைவும் போட்டு வைத்திருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் இதைப் பார்க்க வெளிநாடு போகிறார்கள். எங்களுக்கு வீட்டிலிருந்து பத்து நிமிஷம்.

இந்தக் கல் ஏன் வந்தது? நான் பி.காம். எதையும் பற்று வரவு போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். நம் கரையோரம் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் மெட்ராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். வந்த மணல் அங்கேயே தடுக்கி நின்றது. தெற்கே தேங்கித் தேங்கி மெரினா விரிந்தது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு, 'மெரினா' என்று பெயரும் வைத்தார். வடக்கே வரவேண்டிய மணல் வராததால், ராயபுரத்திலிருந்து இந்தப் பக்கம் கடல் கரையைக் கடிக்க ஆரம்பித்தது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கருங்கல். மெரினாவுக்கு வரவு, எங்களுக்குப் பற்று. ஒரே லெட்ஜர்!

இதை வண்டி இரைச்சலில் கத்திக் கத்திச் சொன்னேன். "அப்போ மெரினாவுல சுண்டல் தின்றவன்கிட்டல்லாம் நாம வாடகை கேக்கலாம்னு சொல்லு" என்றார். ஒரு வாரத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பு.

கொஞ்ச தூரத்தில் அவரே வண்டியை நிறுத்தினார். ஒரு கல்லைக் காட்டி, "இது மேலதான் நின்னேன்" என்றார். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு கடலெல்லாம் எண்ணெய்! மீனவர்களும் காலேஜ் பிள்ளைகளும் வாளி வாளியாக அள்ளினார்கள். இவரும் நைட் ஷிப்ட் முடித்து இரண்டு நாள் போனார். அந்த பேண்ட் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, தார் பூசினது மாதிரி. தூக்கிப் போடவும் விடமாட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. சில சமயம் பேசாமல் இருப்பதும் ஒரு பேச்சுதானே!

எண்ணூரில் 1970-ல் ஆரம்பித்த பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டினால் வேறு புகைபோக்கிகள். கழிமுகத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள் உண்டு. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் இந்தத் தண்ணீரிலும் எண்ணெய் கலந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் இறங்கத்தான் செய்கிறார்கள். பற்றுப் பக்கம் நீண்டுகொண்டே போகிறது.

அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டி, பொன்னேரியில் டீ. அப்புறம் புகை விலகி, வானம் கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகிறது. பழவேற்காடு வந்ததும் நான் வாயடைத்துப் போனேன் (அபூர்வம் என்றார் அவர்). கண்ணுக்கு எட்டிய வரை ஏரி! உப்பும் நல்ல தண்ணியும் கலந்த ஏரிகளில், ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நம் நாட்டில் இதுதான் பெரிசு.

டச்சுக்காரர்கள் 1609-ல் இங்கே வந்து, 1613-ல் கெல்ட்ரியா என்று கோட்டை கட்டினார்கள். கடலையே அணை போட்டுத் தடுத்து ஊர் கட்டின கில்லாடிகள்! இங்கிருந்து துணி ஏற்றுமதி செய்தார்கள். மலேசியாவில் கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்று பெயர். எல்லாம் இந்த ஊர்ப் பெயர்தான். கோட்டை இப்போது புதர் மேடு. அவர்கள் கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், "வாங்க வாங்க" என்கிற மாதிரி!

அங்கே உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது சொன்னேன். "1690-ல டச்சுக் கம்பெனி தலைமை ஆபீசை இங்கேர்ந்து நாகப்பட்டினத்துக்கு மாத்திடுச்சுங்க."

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "கம்பெனி போச்சு. ஊர் இங்கியே இருக்குன்ற... அதானே?"

"நான் எங்க சொன்னேன்? சரித்திரம் சொல்லுது!"

திரும்பி வரும்போது, "கம்பெனி பஸ் நம்ம பக்கம் வருமான்னு நாளைக்கு விசாரிக்கறேன்" என்றார். "வரலேன்னா?" என்றேன். "வரலேன்னா, உங்கம்மாவையும் கூட்டிட்டுதான் போறோம்." அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். எதிரே லாரி ஹாரன் அடித்தது. அடிக்கட்டும்!

கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை. பாப்பாவின் இருமல் பற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. பஸ் விஷயம் தெரிந்தால்தான் மீதி. ஆனால் வீட்டில் குக்கரோடு சேர்ந்து இப்போது நாங்களும் பேசுகிறோம்.

நீங்களும் ஒரு ஞாயிறு வண்டியை வடக்கே திருப்புங்களேன். முன்தினம் மெரினா போயிருந்தால், செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிடாமல் அப்படியே வாருங்கள். எங்களுக்குச் சேரவேண்டிய மணலாச்சே!