குருத்தைக் காக்கும் கைகள்

ராஜமுந்திரியை அடுத்த கடியம் வட்டாரத்தில், கோதாவரியின் வண்டல் மண்ணில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நாற்றுப்பண்ணைகள். இங்கிருந்து லாரி ஏறும் நரிவால் பனையும் ராயல் பாமும்தான் பல நகரங்களில் அடுக்ககங்களின் முகப்பில் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றைப் பார்ப்பவர்கள் வரைபடம் போட்டவரைப் பாராட்டுவார்கள். பண்ணையில் நடக்கும் வேலையைக் கவனித்த எனக்கு, அந்தப் பாராட்டில் பெரும்பங்கு பைக்கு மண் நிரப்பும் பெண்களுக்கும் கடப்பாறையோடு மரம் தோண்டுபவர்களுக்கும் சேரவேண்டியது என்று படுகிறது. அலங்காரப் பனை பிழைப்பது அவர்களுடைய கைப்பக்குவத்தால். அதற்கு நாம் தனியாக விலை வைப்பதே இல்லை.

இந்தக் கைப்பக்குவம் தேவைப்படுவதற்கான காரணம் பனையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. வேம்பில் ஒரு கிளை முறிந்தால் பக்கத்தில் இன்னொன்று துளிர்க்கும். பட்டையில் பட்ட வெட்டைப் புதுத் திசு மெல்ல மூடிவிடும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. உச்சியில் ஒரே குருத்து. அது போனால் மரமே போயிற்று. தண்டைச் சுற்றிப் பருக்கவைக்கும் திசு இல்லாததால், கயிறு அறுத்த தழும்பு கடைசிவரை ஆறாது. மரத்தைத் தூக்கும்முன் தண்டில் சாக்கைச் சுற்றுவதும், ஓலைகளைச் சேர்த்துக் கட்டிக் குருத்தை ஆடாமல் நிறுத்துவதும் இந்த இழப்பைத் தடுக்கத்தான். வேரிலும் இனத்துக்கு இனம் கணக்கு மாறும். தென்னையின் அறுபட்ட வேர்களில் ஏறத்தாழ பாதி, எங்கே வெட்டினாலும் மீண்டும் கிளைக்கும். ராயல் பாமின் வேரைத் தண்டிலிருந்து நன்றாகத் தள்ளி வெட்டினால்தான் அதிகம் பிழைக்கும். அமெரிக்காவின் சேபல் பனையிலோ அறுபட்ட வேர்கள் அநேகமாக எல்லாமே மடிந்து, அடித்தண்டிலிருந்து புது வேர் இறங்கவேண்டும். மண்கட்டியை எவ்வளவு அகலமாக எடுப்பது என்பது இப்படி மரத்தைப் படித்துச் செய்யும் முடிவு. இதை வெறும் உடலுழைப்பு என்று ஒதுக்குவது அறியாமை.

இந்த அறிவு பண்ணை வாசலோடு நின்றுவிடுவதுதான் என் கவலை. நடும் இடத்தில், மரம் சாயாமல் நிற்கட்டும் என்று தண்டை ஆழப் புதைக்கிறார்கள். வேருக்குக் காற்று கிடைக்காமல் பனை நலிகிறது. பிறகு துப்புரவு என்ற பெயரில் பச்சை மட்டைகளையும் கழித்துவிடுகிறார்கள். மட்டை விழுந்து ஆளுக்கோ வண்டிக்கோ அடிபடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ராயல் பாமின் மட்டை கனமானது, அந்த அச்சம் நியாயமே. ஆனால் விழக்கூடியது காய்ந்து கழன்ற மட்டை. அதை மட்டும் எடுத்தால் போதும். பொட்டாசியம் குறைந்த மண்ணில், பனை தன் முதிய ஓலைகளிலிருந்துதான் அந்தச் சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. மஞ்சளாகிவிட்டதே என்று அந்த ஓலையை வெட்டினால், அடுத்த ஓலையும் சீக்கிரமே மஞ்சளாகும். அழகுக்காகச் செய்வது பட்டினி போடுவதில் முடிகிறது.

நம் மண்ணின் பனை இருக்க வெளிநாட்டுப் பனை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் பாதி எனக்கு உடன்பாடு. நிழலுக்கும் பறவைக்கும் மரம் வேண்டுமென்றால் வேம்பும் புங்கமும் நடுவதே முறை. அலங்காரப் பனை அந்த வேலையைச் செய்யாது. குறுகிய நடைபாதையோரத்திலும் சுவரை ஒட்டிய இடத்திலும், கிளை பரப்பாமல் நேராக உயரும் நரிவால் பனைக்கு இடமுண்டு. நட்டுவிட்டோமென்றால் அதைச் சாகவிடாமல் காக்கும் கடமை நம்முடையது, ஊர் எதுவாக இருந்தாலும்.

அந்த நரிவால் பனையின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் உள்ள மெல்வில் முனை. 1983இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, அந்த நிலத்தையும் மரத்தையும் அறிந்திருந்த வோடியெட்டி என்ற பழங்குடி மனிதரின் பெயரால் அதை வோடியெட்டியா என்று அழைத்தார்கள். அறிந்தவருக்குச் செய்த மரியாதை அது. நாம் அவ்வளவு பெரிதாக எதையும் செய்யவேண்டியதில்லை. மரத்தின் உயரத்துக்கு விலை எழுதும் ஒப்பந்தத்தில், மரத்தோடு வந்து நட்டு, வேர் பிடிக்கும்வரை கவனிக்கும் தொழிலாளியின் கூலிக்கும் ஒரு வரி எழுதலாம். பட்டுப்போன பனைக்குப் பதில் இன்னொன்று வாங்கும் செலவைவிட அது பெரிதாக இருக்காது.