கண்ணுக்கு எட்டிய கையிருப்பு

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் போய் முடிகிற இடம் மோன்டாக் முனை. இலையுதிர் காலத்தில் அங்கே கடல் கொதிக்கிற மாதிரி இருக்கும். குளிருக்கு முந்தித் தெற்கே நகரும் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன்கள் நெத்திலிக் கூட்டத்தைக் கீழிருந்து விரட்டும். மேலிருந்து கடற்பறவைகள் விழுந்து கொத்தும். ஆறு பேர் ஏறுகிற சின்ன சார்ட்டர் படகில் கேப்டன் கண் வைப்பது பறவைகள் மீதுதான். தூண்டிலைப் போட்டால் கை வலிக்கும் வரை மீன்.

அப்போது படகில் ஒருவராவது கேட்பார்: "இவ்வளவு மீன் இருக்கே, ஆளுக்கு ஒன்றுதான் எடுக்கலாம் என்று ஏன் சட்டம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கடற்கரை முழுக்கப் பரவியிருந்த மீன், இரை இருக்கிற இடத்தில் வந்து குவிந்திருக்கிறது. பணி ஓய்வன்று வங்கிக் கணக்கில் மொத்தமாக வந்து விழும் பி.எஃப். பணமும் இப்படித்தான். முப்பது வருடச் சேமிப்பு ஒரே வரியில் தெரிகிறபோது, மனுஷன் தன்னைப் பணக்காரன் என்று நினைத்துவிடுகிறான். என் நண்பர்கள் சிலர் அந்த மாதமே கார் வாங்கினார்கள்.

இந்த மீனின் கதையும் அதையே சொல்கிறது. வணிகப் பிடிப்பு 1973-இல் உச்சம் தொட்டது. பத்தே ஆண்டில் ஏறக்குறைய கால் பங்காக விழுந்தது. அந்தச் சரிவின் நடுவில்தான், 1982-இல், அட்லாண்டிக் சிட்டியில் ஆல் மெக்ரெனால்ட்ஸ் என்பவர் 78 ராத்தல் 8 அவுன்ஸ் மீனைப் பிடித்தார். 35 கிலோவுக்கு மேல்! 2011 வரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. குஞ்சுகள் பல ஆண்டுகளாகத் தேறாமல், பழைய மீன்கள் மட்டும் முதிர்ந்து பெருத்திருந்த காலம் அது. பெரிய மீனைப் பார்த்தவர்களுக்குக் கடல் செழிப்பாகத்தான் தோன்றியிருக்கும். 1985-இல் மேரிலாந்து இந்த மீனைப் பிடிக்கவே தடை போட்டது, 1990-இல்தான் தளர்த்தியது. 1995-இல் இனம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள்.

இன்றைய சட்டமும் அந்தப் பாடத்திலிருந்து வந்ததுதான். கடலில் 28 அங்குலத்துக்குக் குறைந்ததையும் 31-ஐத் தாண்டியதையும் திருப்பி விட வேண்டும். பெரியவை பெரும்பாலும் முட்டை சுமக்கும் பெண் மீன்கள். கைக்கு வந்ததிலேயே பெரியதை விட்டுவிடுவது, சொல்வதற்கு எளிது. வளைந்து நிற்கும் தூண்டிலோடு அரை மணி மல்லாடியவரைக் கேட்டுப் பாருங்கள்.

உண்மையான கணக்கு எடுக்கப்படுவது வேறிடத்தில். இந்த மீன்கள் முட்டையிட வரும் செசபீக் விரிகுடாவிலும் அதில் விழும் ஆறுகளிலும் 1954 முதல் கோடைதோறும் கரைவலை இழுத்து, விரல் நீளக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். படம் எடுத்து மாட்ட அதில் ஒன்றும் கிடையாது. 2019-இலிருந்து 2025 வரை ஏழு ஆண்டும் எண்ணிக்கை சராசரிக்குக் கீழேதான். முடிவு வெளியாவது பெரும்பாலும் அக்டோபரில், மோன்டாக்கில் கடல் கொதிக்கிற அதே நாட்களில். படகேறுமுன் அதை ஒருதரம் வாசித்துவிடுவேன். "மீன் பிடிக்கப் போகிறவர் ஜாதகம் பார்க்கிறாரே" என்று மருமகன் சிரிப்பார்.