எந்தக் கம்பெனி ஆப் நல்லது? ஒரு கணக்கு வாத்தியாரின் விடைத்தாள் திருத்தல்

பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்களும், கார் ஓட்டும் அப்பா அம்மா ஊரில் இருப்பவர்களும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியிருக்கிறார். "சார், இன்ஷூரன்ஸ் எடுக்கணும். எந்தக் கம்பெனி ஆப் நல்லா இருக்கு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. ரிட்டயர் ஆனவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? எங்கள் வீட்டுக் கார், மாப்பிள்ளையின் கார், கூட வேலை பார்த்த தமிழாசிரியரின் கார், பக்கத்து வீட்டுக் கார் என்று நான்கு கார். நான்கும் வேறு வேறு கம்பெனி. இரண்டு தனியார், ஒன்று ஏஜென்ட்டே இல்லாமல் ஆன்லைனில் மட்டும் விற்பது, ஒன்று அரசுக் கம்பெனி. நான்கு ஆப்பையும் உரியவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன்.

கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆப்பை மாற்றிவிடுகிறார்கள். இன்று நான் போடும் மார்க் அடுத்த வருஷம் செல்லாது. ஆனால் கேள்வித்தாள் செல்லும். அதைத்தான் தருகிறேன்.

கேள்வி 1: விலையை நேர்மையாகக் காட்டுகிறதா?

வாங்கும் பக்கம் எல்லா ஆப்பிலும் பளிச்சென்று இருக்கிறது. வண்டி நம்பரைப் போட்டதும் மாடல், வருஷம் எல்லாம் வந்துவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கீழே தெரியும் தொகையை மட்டும் பார்த்து ஒப்பிடக் கூடாது.

பிரீமியத்தில் இரண்டு பகுதி உண்டு. மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கான பகுதியை அரசு நிர்ணயிக்கிறது. 2022-இல் அறிவித்த கட்டணப்படி 1000 சிசி வரையுள்ள தனியார் காருக்கு 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய். எந்தக் கம்பெனியும் இதில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. போட்டியெல்லாம் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதியில்தான்.

அங்கேதான் ஐடிவி என்ற ஒன்று இருக்கிறது. வண்டி திருடு போனாலோ முழுதாக நொறுங்கினாலோ நமக்குக் கிடைக்கும் உச்சத் தொகை அது. ஐந்து வருஷம் வரை அதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு. அதைத் தாண்டிய வண்டிக்குக் கம்பெனியும் நாமும் ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. எங்கள் பழைய காருக்கு ஒரு ஆப் மற்றதைவிட 700 ரூபாய் குறைவாகக் காட்டியது. உள்ளே போய்ப் பார்த்தால் ஐடிவியை 60,000 ரூபாய் குறைத்து வைத்திருந்தது. ஐடிவியைச் சமமாக்கியதும் வித்தியாசம் 100 ரூபாய்க்குள் வந்துவிட்டது. ஒப்பிடும்போது முதலில் ஐடிவியைச் சமமாக்குங்கள். பிறகு, நீங்கள் கேட்காமலே டிக் போட்டிருக்கும் கூடுதல் கவர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

கேள்வி 2: ரோட்டில் நிற்கும்போது உதவுகிறதா?

போன தை மாதம் அய்யம்பேட்டை பக்கம் ஒரு டிராக்டர் டிரெய்லர் பின்னால் வந்து எங்கள் கார் முகப்பில் இடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் போயின. ஆப்பைத் திறந்தேன். கிளெய்ம் என்ற பொத்தான் மூன்றாவது பக்கத்தில் இருந்தது. முதல் பக்கம் முழுக்க ஹெல்த் பாலிசி விளம்பரம். வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுக்கச் சொன்னது. எடுத்தோம். சிக்னல் ஒற்றைக் கோடு. பாதி ஏறியதும் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொன்னது. மூன்று முறை. கடைசியில் டோல் ஃப்ரீ நம்பரில் பேசி கிளெய்ம் நம்பர் வாங்கினேன்.

மாப்பிள்ளையின் ஆன்லைன் கம்பெனி ஆப்பில் இதே வேலை சுலபம். சிக்னல் இல்லாத இடத்திலும் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு தானே அனுப்புகிறது. சின்னக் கீறலுக்கு சர்வேயர் நேரில் வராமலே போட்டோவைப் பார்த்துத் தொகை சொல்லிவிட்டார்களாம். இந்தக் கேள்வியில் முதல் மார்க் அதற்குத்தான். தமிழாசிரியரின் அரசுக் கம்பெனி ஆப் பார்க்கப் பழைய காலத்து ஆபீஸ் பாரம் மாதிரி. ஆனால் அவருக்கு பிராஞ்ச் ஆபீசில் ஒரு மேடத்தைத் தெரியும். "சார், வண்டிய எடுக்காதீங்க, அப்படியே போட்டோ எடுங்க" என்று போனில் தமிழில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். அதற்கு எத்தனை மார்க் போடுவது?

கேள்வி 3: எவ்வளவு நம் கையை விட்டுப் போகும் என்று சொல்கிறதா?

"கேஷ்லெஸ்" என்ற சொல்லை நம்பி, கையில் பைசா இல்லாமல் ஒர்க் ஷாப்புக்குப் போகாதீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பம்பர் 6,000 ரூபாய் என்றால் 3,000 நம்முடையது. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. அதுபோக 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் கட்டாயமாக 1,000 ரூபாய் நாம் கொடுக்க வேண்டும். ஜீரோ டெப் என்ற கூடுதல் கவர் எடுத்தவர்களுக்கு அந்தத் தேய்மானக் கழிவு இருக்காது. பழைய வண்டிக்கு அதைப் பெரும்பாலும் தருவதில்லை.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யம்.

கணக்கு வாத்தியார் என்பதால் போட்டுப் பார்த்தேன். நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அது மாறாது என்றும் வைத்துக்கொள்வோம். 50 சதவீத போனஸில் இப்போது 3,000 கட்டுகிறீர்கள். கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் 6,000. பிறகு 4,800, 4,500, 3,900, 3,300. ஆறாவது வருஷம்தான் பழைய 3,000-க்கு வருவீர்கள். ஐந்து வருஷத்தில் கூடுதலாகக் கட்டுவது 3,000 + 1,800 + 1,500 + 900 + 300 = 7,500 ரூபாய். ஜிஎஸ்டி தனி. ஆக, கம்பெனியிடமிருந்து 4,000 வாங்குவதற்காக 7,500 கொடுக்கிறோம்!

நான்கு ஆப்பிலும் "கிளெய்ம் செய்க" என்ற பொத்தான் இருக்கிறது. "கிளெய்ம் செய்தால் உங்களுக்கு லாபமா நஷ்டமா" என்று காட்டும் பொத்தான் ஒன்றில்கூட இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. போட்டுக் காட்ட அவர்களுக்கு முடியாதா என்ன? நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி 4: வண்டிக்காரர் இல்லாமல் போனால்?

இந்தக் கேள்வியை நான் யோசித்து எழுதவில்லை. பக்கத்து வீட்டில் நடந்தது.

அந்த வீட்டு ஐயா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். கார் அவர் பேரில். பாலிசியும் அவர் பேரில், அவர் போன் நம்பரில், அவர் மெயிலில். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா கோயம்புத்தூர் மகளோடு உட்கார்ந்து ஆப்பைத் திறந்தார். நான் உதவிக்குப் போயிருந்தேன். ரீசார்ஜ் செய்யாததால் ஐயாவின் நம்பர் செயலில் இல்லை. எந்த வழியில் போனாலும் ஓடிபி.

அந்த அம்மா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "சார், அவருக்குத்தான் ஓடிபி அனுப்பியிருக்காம்."

மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆப்பில் சாட்டில் கேட்டோம். "பதிவு செய்த மொபைல் எண்ணிலிருந்து தொடர்பு கொள்ளவும்" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. இறந்துவிட்டார் என்று எழுதினோம். மறுபடி அதே பதில். பதில் சொல்வது இயந்திரம் என்று அப்போதுதான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது.

இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பாலிசிதாரர் இறந்தால் பாலிசி உடனே செத்துப்போவதில்லை. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். அதற்குள் இறப்புச் சான்றிதழ், வாரிசுக்கான சான்று கொடுத்துப் பாலிசியை மாற்ற வேண்டும். ஆர்டிஓ ஆபீசில் ஆர்சி மாற்றத்துக்கு 31-ஆம் எண் படிவம். அவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ்கூட வண்டியைப் பெறும் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ வரும். இதில் எதையும் அந்த ஆப் சொல்லவில்லை. தஞ்சாவூரில் அந்தக் கம்பெனியின் ஆபீசுக்கு மூன்று முறை போய் வந்து, கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போது வேலை முடிந்தது. அங்கிருந்த பையன் நல்ல பையன். வேலையை முடித்துக் கொடுத்தது அவன்தான்.

ஆன்லைனில் மட்டும் விற்கும் கம்பெனிக்கு இந்த ஆபீசும் இல்லை. மாப்பிள்ளையிடம் அதைத்தான் சொன்னேன்.

முதல் கேள்வியில் நான்கும் பாஸ். கடைசிக் கேள்வியில் நான்கும் ஃபெயில். மற்ற மூன்றின் ஆப்பிலும் தேடிப் பார்த்தேன். "பாலிசிதாரர் இறந்துவிட்டால்" என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. விற்கிற இடத்தில் இரண்டு நிமிடத்தில் கதவு திறக்கத் தெரிந்தவர்களுக்கு, துக்க வீட்டுக்காரர் தட்டினால் திறக்க ஒரு கதவு வைக்கத் தெரியாதா?

மாணவருக்கு நான் கொடுத்த பதில் இதுதான். ஆப்பின் அழகைப் பார்க்காதே. உன் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்தக் கம்பெனிக்கு ஆபீஸ் இருக்கிறதா, கேஷ்லெஸ் ஒர்க் ஷாப் இருக்கிறதா, டோல் ஃப்ரீயில் தமிழில் பேசுகிறார்களா என்று பார். பணம் கட்டும் முன் ஒருமுறை கூப்பிட்டுப் பார். எத்தனை நிமிடத்தில் ஒரு மனுஷக் குரல் வருகிறது என்று கடிகாரத்தைப் பார்.

எல்லோருக்கும் இன்னும் சில வார்த்தைகள்.

பாலிசி பிடிஎஃப்பைப் பிரிண்ட் எடுத்து காரில் ஒன்று, வீட்டில் ஒன்று வையுங்கள். போலீஸ் கேட்டால் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டினால் போதும். பேப்பர் வீட்டில் இருப்பவர்களுக்காக.

பாலிசி நம்பர், முடியும் தேதி, டோல் ஃப்ரீ நம்பர் மூன்றையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, துணைவியாருக்கோ கணவருக்கோ காட்டிவிடுங்கள். முடிந்தால் கம்பெனியில் சொல்லி இரண்டாவது போன் நம்பர் ஒன்றையும் பதிவு செய்யுங்கள்.

புதுப்பிக்கும் தேதியை நழுவ விடாதீர்கள். 90 நாள் தாண்டினால் போனஸ் முழுதும் போய்விடும்.

கம்பெனி இழுத்தடித்தால் ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் செய்யலாம். 155255 என்ற நம்பரிலும் கூப்பிடலாம். கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லாவிட்டாலோ மறுத்துவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பாவின் போனில் இருக்கும் அந்த ஆப்பைத் திறந்து, அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.

உங்கள் அனுபவத்தையும் கமெண்ட்டில் எழுதுங்கள். குறிப்பாக, பாலிசிதாரர் இறந்த பிறகு ஆப்பிலேயே வேலை முடிந்தது என்று யாருக்காவது நடந்திருந்தால் அவசியம் சொல்லுங்கள். அந்தக் கம்பெனிக்கு நூற்றுக்கு நூறு போடக் காத்திருக்கிறேன்.