இருட்டில் அடித்த எட்டு மணி

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் பிள்ளைகளாக இருந்தவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்குவது என் வேலை. ஆரம்பத்தில் நேராகவே கேட்பேன்: "பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக்கொடுத்தாங்க தாத்தா?" "ஜப்பான் பாஷைதான்" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இப்போதெல்லாம் விடியற்காலையிலிருந்து தொடங்குகிறேன். இருட்டா, வெளிச்சமா? 1942-இல் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். மணி எட்டு அடித்தும் லயத்தில் சரியாக விடிந்திருக்காது. அந்த இருட்டைச் சொல்லத் தொடங்கினால் மற்றதெல்லாம் தானே வரும்: வயிற்றில் மரவள்ளிக்கிழங்கு மட்டும், வரிசையில் நின்று ஜப்பானிய மாமன்னர் இருந்த திசை நோக்கிக் குனிந்தது, பிந்தி வந்தவன் கன்னத்தில் விழுந்த அறை.

பேராக்கில் ஒரு பாட்டி விரல் மடக்கி "ஆ, இ, உ, எ, ஒ" என்றார். தமிழ்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "கா, கி, கு, கெ, கொ" என்று போய், "சா, ஷி" என்றபோதுதான் அது ஜப்பானிய எழுத்து வரிசை என்று உறைத்தது. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போன எழுத்துக் கல்வி அந்த வரிசையை அமைத்தது. நம் பிள்ளைகளுக்கு அது பாதி தெரிந்த பாடம்.

"நாந்தான் மொதல்ல படிச்சேன். அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட முழுசாச் சொல்லிக் காட்டினேன். என்னைத் தூக்கிச் சுத்தினாரு."

அப்புறம் பேச்சில்லை. முன்பென்றால் அடுத்த கேள்வியை நீட்டியிருப்பேன். அப்படி நான் கெடுத்த பதிவுகள் உண்டு. அன்று காத்திருந்தேன். சயாமுக்கு ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன பல்லாயிரம் தமிழர்களில் அவர் அப்பாவும் ஒருவர். 415 கிலோமீட்டர் பாதை 1943-இல் முடிந்தது. அவர் திரும்பவில்லை.

எழுத்துப்படியைப் பார்த்த ஒருவர், அந்தச் சந்தோஷத்தை எடுத்துவிடலாம், படிப்பவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்றார். நான் மறுத்தேன். எட்டு வயதுப் பெண்ணின் பெருமிதத்தை வெட்டிவிட்டால், அவள் எதைப் பறிகொடுத்தாள் என்பதும் கூடவே போய்விடும்.

பாட்டி பிறகு மறுபடி விரல் மடக்கினார். "ரா, ரி, ரு" வரை வந்து நிறுத்தினார்.

"அப்பாவுக்கு அப்புறம் யார்கிட்டயும் சொன்னதில்லப்பா."