உயரத்தைக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்

ஸ்ரீநகர்-லே சாலை: 420 கிலோமீட்டர், மூன்று கணவாய்கள், இரண்டு போர்கள். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வழியல்ல இது.

காலை ஆறு மணி. சோனாமார்க்கைத் தாண்டியதும் லாரிகளின் வரிசை நீள்கிறது. டிரைவர்கள் ஸ்டவ் பற்றவைத்து டீ போடுகிறார்கள். சிலர் டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். மேலே ஜோஜி லா கணவாய். பாதை குறுகல், ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் பனி உருகி வழியும் பாறை. போக்குவரத்துப் போலீஸ் கையசைக்கும்வரை யாரும் நகர முடியாது. டில்லியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருக்கும் கார்க்காரர்கள்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லாரிக்காரர்கள் பார்ப்பதில்லை. இந்தச் சாலையின் முதல் பாடம் அதுதான்.

ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குத் தூரம் சுமார் 420 கிலோமீட்டர். சமவெளியில் ஏழெட்டு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரம். இங்கே இரண்டு நாளாவது ஆகும். உடம்பின் பேச்சைக் கேட்டால் நான்கு நாள். ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி. ஜோஜி லா 11,575 அடி. அதைத் தாண்டி இறங்கினால் கார்கில், சுமார் 8,780 அடி. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பிறகு நமிக லா 12,000 அடிக்கு மேல், இந்தச் சாலையின் உச்சமான ஃபோட்டு லா 13,479 அடி. கடைசியில் லே, சுமார் 11,500 அடி.

திட்டமிடுபவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. லடாக்குக்குப் போக மூன்று வழிகள் உண்டு. டில்லியிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 11,500 அடியில் போய் இறங்கலாம். ஆனால் உடம்பு டில்லியிலேயே நிற்கும். மணாலி வழியாகக் காரில் போனால் 6,700 அடியில் கிளம்பி, பலர் அடுத்த இரவே 14,000 அடியில் இருக்கும் சர்ச்சு கூடாரங்களில் படுக்கிறார்கள். இந்த வழியில் தலைவலியும் வாந்தியும் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஸ்ரீநகர் வழியோ ஏறி இறங்கி ஏறுகிறது. பகலில் கணவாயைக் கடந்தாலும் இரவில் தாழ்வான இடத்தில் தூங்க முடிகிறது. மலை மருத்துவம் சொல்வதும் இதையேதான்: எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட, எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதே முக்கியம்.

அதனால் ஸ்ரீநகர் வழியாகப் போய் மணாலி வழியாகத் திரும்புவதே புத்திசாலித்தனம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும். மணாலி சாலையில் 17,480 அடி தங்லங் லாவைக்கூடப் பெரிய சிரமமில்லாமல் தாண்டலாம்.

அழகுக்குக் குறைவில்லை. ஜோஜி லாவுக்கு இந்தப் பக்கம் பைன் காடுகள், புல்வெளி, சிந்து என்ற அதே பெயரில் ஓடும் காஷ்மீரத்துச் சிற்றாறு. அந்தப் பக்கம் மரமே இல்லை. மழை மேகங்களை மலைத்தொடர் தடுத்துவிடுவதால் லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். அரை மணி நேரப் பயணத்தில் பச்சை முடிந்து பழுப்பு தொடங்குகிறது.

இந்தக் கணவாயில் 1948இல் நடந்தது இந்திய ராணுவ வரலாற்றின் துணிச்சலான நிகழ்ச்சிகளில் ஒன்று. ஜோஜி லாவும் கார்கிலும் எதிரிகள் வசம். லே துண்டிக்கப்படும் நிலை. மேஜர் ஜெனரல் கே.எஸ். திம்மய்யா எடுத்த முடிவு, கணவாய்க்கு டாங்கிகளைக் கொண்டுவருவது. ஸ்டூவர்ட் டாங்கிகளின் மேற்கூடுகள் கழற்றப்பட்டு, ரகசியமாக ஸ்ரீநகர் வழியே கொண்டுவரப்பட்டன. கோவேறு கழுதைகள் மட்டுமே போன தடத்தை டாங்கி ஏறும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் படையினர். நவம்பர் 1 அன்று டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. அந்த உயரத்தில் அதற்கு முன் உலகில் எங்கும் டாங்கிகள் போரிட்டதில்லை. அந்த மாதமே கார்கில் மீட்கப்பட்டது. இன்று கார்கள் முனகிக்கொண்டு ஏறும் பாதைக்கு அன்று உளிபட்டது தென்னிந்தியக் கைகளால்.

கணவாயைத் தாண்டினால் திராஸ். குளிர்காலத்தில் பாதரசம் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும் சிற்றூர். 1999 மே மாதம் வரை பெரும்பாலான இந்தியர்கள் கேள்விப்படாத பெயர். சாலையை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் டோலோலிங், டைகர் ஹில் சிகரங்களில் ஊடுருவல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழே போகும் ஒவ்வொரு லாரியும் அவர்கள் பீரங்கியின் குறியில் இருந்தது. அந்தப் போரே இந்தச் சாலைக்காகத்தான் என்று சொல்லலாம். இந்தியா இழந்த வீரர்கள் 527 பேர். சாலையோரப் போர் நினைவிடத்தில் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. படாலிக் பகுதியில் மே 29 அன்று உயிர்நீத்த திருச்சியின் மேஜர் எம். சரவணன் அந்தப் போரின் தொடக்க நாட்களில் பலியான அதிகாரிகளில் ஒருவர். சுற்றுலாப் பட்டியலில் 'திராஸ்: 20 நிமிடம்' என்று எழுதுபவர்கள் அதைத் திருத்திக்கொள்வது நல்லது. சிகரங்களைப் பார்த்து, பெயர்களைப் படித்து வர ஒரு மணி நேரமாவது வேண்டும்.

கார்கிலை இரவு தூங்கிவிட்டுப் போகும் ஊராகவே பலரும் நினைக்கிறார்கள். அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது உடம்புக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது. ஸ்ரீநகர், லே, ஸ்கர்டு என மூன்று திசைப் பாதைகளும் கூடிய வணிக ஊர் இது. யார்கண்டிலிருந்து வந்த சரக்குகள் கைமாறிய காலத்தின் சாட்சியங்களை முன்ஷி அஜீஸ் பட் அருங்காட்சியகத்தில் காணலாம். ஸ்கர்டு பாதை 1948க்குப் பிறகு மூடிவிட்டது. ஊருக்கு அருகே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஹுந்தர்மான் கிராமம் 1971 போரில் இந்தியாவின் பக்கம் வந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததில் உறவினர்கள் அந்தப் பக்கம் தங்கிவிட்ட குடும்பங்கள் அங்கு உண்டு.

கார்கிலைத் தாண்டிய சிறிது தூரத்தில் மசூதிகள் குறைந்து பௌத்த ஸ்தூபிகள் தொடங்குகின்றன. முல்பெக்கில் சாலையோரப் பாறையில் செதுக்கப்பட்ட மைத்ரேய புத்தர் நின்ற கோலத்தில் காட்சி தருகிறார். ஃபோட்டு லாவை இறங்கினால் லாமயூரு மடாலயம். சுற்றிலும் மஞ்சள் மண் அரித்து நிலவின் தரைபோல் மடிந்து கிடக்கிறது. அதன் பிறகு ஆல்ச்சி. வெளியே பார்த்தால் சாதாரண மண் கட்டடம். உள்ளே எட்டு, ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் காஷ்மீர பாணியில் தீட்டப்பட்ட சுவரோவியங்கள். காஷ்மீரில் அழிந்துபோன ஒரு கலை, மலைக்கு இந்தப் பக்கம் பிழைத்திருக்கிறது. ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் வண்ணம் கெடும். கேமராவைக் காரிலேயே விட்டுவிடலாம்.

லே போய்ச் சேர்ந்ததும் பலர் மறுநாளே கார்துங் லா கிளம்புகிறார்கள். அங்கே ஒரு பெயர்ப்பலகை 18,380 அடி என்று நெடுங்காலம் பெருமையடித்தது. நவீன அளவீடுகள் தருவது சுமார் 17,580 அடி. எண் எதுவானாலும் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். லேயில் இரண்டு நாள் சும்மா இருந்த பிறகே மேலே போக வேண்டும். தண்ணீர் நிறையக் குடிப்பது, மதுவைத் தவிர்ப்பது, மாத்திரை வேண்டுமா என்று ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது ஆகியவை அடிப்படை. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்பும் முன்பே கேட்டாக வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போனால், நடை தடுமாறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் ஒரே மருந்து, உடனே கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருந்து உயிரை விட்டவர்கள் உண்டு.

இந்தப் பயணத்தில் ஆபத்து பயணிகளுக்கு மட்டுமல்ல. லடாக் 1974இல்தான் சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2.74 லட்சம். 2022இல் வந்த பயணிகளோ 5 லட்சத்துக்கும் அதிகம். பனி உருகி வரும் ஓடைகளையே நம்பி பார்லி விளைவித்த ஊர் அது. கழிப்பறைக்குத் தண்ணீர் விடும் வழக்கமே லடாக்கியர்களுக்குக் கிடையாது. மண்ணும் சாம்பலும் போட்டு எருவாக்கிவிடுவார்கள். இன்று ஹோட்டல்கள் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றன. 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்துக் கொட்டிய மழையில் லேயிலும் சுற்றுப்புறத்திலும் 200க்கும் மேற்பட்டோர் இறந்ததை ஊர் மறக்கவில்லை. குடும்பங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேயில் தங்கி, ஒரு வாளியில் குளிப்பவர் அந்த ஊருக்கு நல்ல விருந்தாளி.

சாலையும் மாறிக்கொண்டிருக்கிறது. சோனாமார்க்குக்கு முன்னுள்ள ஆறரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஜோஜி லாவுக்கு அடியில் 13 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டப்படுகிறது. அது முடிந்தால் குளிர்காலத்தில் நோயாளியை ஸ்ரீநகருக்குக் கொண்டுபோகக் கார்கில்காரர்கள் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. லாரிகளின் காலை நேர டீ வரிசையும் மறையும்.

நடைமுறைக் குறிப்புகள் சில. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். மொத்தம் 12 முதல் 14 நாள் ஒதுக்குங்கள். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் இங்கே வேலை செய்யாது; போஸ்ட்பெய்ட் தேவை. வெளியூர் வாடகை வண்டிகள் பாங்காங், நூப்ரா பக்கம் போக உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் விடுவதில்லை. லேயில் வண்டி மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பும்போது லே அருகேயுள்ள கருவில் டாங்கை நிரப்பிவிடுங்கள். அடுத்து தண்டிவரை 300 கிலோமீட்டருக்கு மேல் பங்க்கை நம்ப முடியாது. வழியில் இரவு தங்க சர்ச்சுவைவிடத் தாழ்வான ஜிஸ்பா நல்லது. பஹல்காமில் 2025 ஏப்ரல் 22 அன்று 26 பேர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அந்தஸ்து கோரி லேயில் நடந்த போராட்டத்தில் நான்கு பேர் இறந்தனர். கிளம்பும் வாரத்தில் நிலவரத்தைக் கேட்டறிவதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

கடைசியாக, விமான டிக்கெட் எடுக்கும்போது கடைசியில் ஒரு நாளைக் காலியாக விட்டுவையுங்கள். மண்சரிவோ, பனியோ, ராணுவ வாகன வரிசையோ அதை எடுத்துக்கொள்ளும். எதுவும் எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்த நாளை ஆல்ச்சியில் சிந்து நதிக்கரையில் கழிக்கலாம். ஜூலை கடைசியில் அங்கே ஆப்ரிகாட் பழுத்திருக்கும்.