குலுக்கைக்குப் பின்னால் ஒரு பூனை

பூனையைக் காணோம்!

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வைகாசி வெயில். காலையிலிருந்து வீடு முழுக்கத் தேடியாச்சு. கட்டிலுக்கு அடியில் இல்லை, பரணில் இல்லை, அடுப்படியில் இல்லை. "வந்த அன்னைக்கே ஓடிப் போயிருச்சு" என்று வீட்டு மருமகன் முடிவே சொல்லிவிட்டார். கடைசியில் கண்டுபிடித்தது பத்து வயசுப் பேரன்தான். ஒரு காலத்தில் கம்பும் சோளமும் கொட்டி வைத்த ரூம் அது. இப்போது பழைய சாக்கும் சுருட்டிய பாயும்தான் கிடக்கின்றன. அங்கே மண் குலுக்கைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதற்குள் இரண்டு கண்கள்.

பூனை அருப்புக்கோட்டைக்காரர். முதல் நாள்தான் அம்மாச்சியோடு வந்து இறங்கியது.

அம்மாச்சியின் வீடு நெசவு வீடு. இரண்டு குழித்தறி. அருப்புக்கோட்டை கைத்தறிச் சேலைக்குப் பேர் போன ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். தெருவில் ஒவ்வொரு வீடாக விசைத்தறிக்கு மாறியபோதும் தாத்தா மாறவில்லை. அவர் போனபிறகு தறி நின்றுவிட்டது. மதிய நேரத்தில் நெய்கிறவர் காலை விடுகிற அந்தக் குழிதான் பூனைக்குப் படுக்கை. குளுகுளுவென்று மண் தரை, மேலே நூல் பந்தல். தனியாக எதற்கு இருக்க வேண்டும் என்று மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு சூட்கேஸ், ஒரு வயர் கூடை. கூடைக்குள் பூனை, மேலே துணி போட்டு மூடி. அவ்வளவுதான் சாமான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கண்டுபிடித்த பேரன் சும்மா இருப்பானா? கையை விட்டுக் காலைப் பிடித்து இழுத்தான். மூன்று கோடு போட்டுவிட்டது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். (பூனை கீறினால் மஞ்சள் வைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் சொந்தமில்லை.)

மருமகனுக்குக் கோபம். "சாக்குல போட்டுக் குண்டாத்துப் பக்கம் விட்டுட்டு வந்துர்றேன்" என்றார்.

அம்மாச்சி மகளைப் பார்த்துச் சொன்னார்: "மூணு நாள் பொறுக்கச் சொல்லுத்தா மாப்பிள்ளைய. அப்புறம் அவுக இஷ்டம்."

அது என்ன மூணு நாள் கணக்கு?

பூனை ஒளிந்துகொண்டால் நாம் உடனே ஒரு அர்த்தம் வைத்துவிடுகிறோம். கோபம், திமிர், நன்றி கெட்டது. 'நாய் ஆளை நம்பும், பூனை வீட்டை நம்பும்' என்று ஒரு பேச்சு வேறு. அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது.

பூனை தன் இடத்தை மூக்கால்தான் அறிகிறது. கன்னத்தைக் கதவிலும் கட்டில் காலிலும் நம் காலிலும் தேய்ப்பது வெறும் கொஞ்சல் இல்லை, தன் வாசனையை அங்கே பூசிவிட்டுப் போகிறது. அந்த வாசனை இருக்கிற இடம் தன் இடம், பயம் வேண்டாம். புது வீட்டில் அப்படி ஒரு சுவர்கூடக் கிடையாது. எல்லாமே அந்நியம்.

இன்னொன்று, பூனை வேட்டைக்காரன் மட்டுமில்லை, இரையும்கூட. குறுந்தொகை 139-ஆம் பாட்டில் சாயங்காலம் வேலியோரம் வந்து நிற்கிற வெருகைக் கண்டு கோழி பதறுகிறது. வெருகு என்றால் காட்டுப்பூனை. மறைந்திருந்து பாய்வது அதன் தொழில். ஆனால் அதைவிடப் பெரிய மிருகம் வந்தால் அதே மறைவுதான் அதற்கு உயிர். முதுகுக்கும் இரண்டு பக்கத்துக்கும் சுவர், முன்னால் ஒரே ஒரு வாசல். குலுக்கை இடுக்கு அதற்கு ஒரு கோட்டை மாதிரி.

மூன்றாவது, சத்தம். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். பூனைக்கு 85,000 வரை கேட்கும். எலியின் கீச்சு கேட்பதற்காக வந்த காது அது. அந்தக் காதோடு மிக்ஸி, டிவி, குழந்தைகள் கூச்சல் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். தீபாவளி அன்றைக்கு, பட்டாசுக்குப் பேர் போன இந்த விருதுநகர் மாவட்டத்துப் பூனைகள் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்!

வெயிலையும் சொல்ல வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, நம்ம ஊர் மாதிரியே வறண்ட பூமியில் வாழ்கிற ஜாதி. 30 முதல் 38 டிகிரி வரை பூனைக்கு சுகமான சூடு என்கிறார்கள். அதையும் தாண்டினால்? பூனைக்கு வேர்ப்பது பெரும்பாலும் பாதத்தில் மட்டும்தான். அதனால் மதியத்தில் தறிக்குழியையும் பானையடியையும் தேடிப் போகிறது.

மூணு நாள் கணக்குக்கு இப்போது வரலாம். 2014-ல் ஹாலந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். பூனைக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகள். பத்துக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. மூன்றாம் நான்காம் நாளிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. பெட்டி கிடைத்த பூனைகள் பதற்றம் குறைந்து சீக்கிரம் தேறின. பெட்டி இல்லாதவையும் இரண்டு வாரத்தில் தேறின, ஆனால் அத்தனை நாள் பட்டபிறகு.

அதாவது ஒளிவது பயத்தின் அடையாளம் மட்டுமில்லை, பயத்துக்கு மருந்தும் அதுதான். இழுத்து வெளியே போட்டால் மருந்தைப் பிடுங்கியது மாதிரி.

அம்மாச்சி உத்ரெக்ட் என்ற பேரைக் கேள்விப்பட்டதில்லை. கடையில் வாங்கிய பிஸ்கட் அட்டைப்பெட்டியைச் சாய்த்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சேலையை உள்ளே போட்டு, குலுக்கைக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் தண்ணீர், கருவாட்டுச் சோறு. தள்ளி ஒரு மூலையில் மண் நிரப்பிய தட்டு. பேரன் மறுபடியும் எட்டிப் பார்க்கப் போனபோது கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உங்க ஊருல பொறந்த ரமணரு திருவண்ணாமலைக்குப் போயி மொதல்ல ஆயிரங்கால் மண்டபத்துலதான் உக்காந்தாரு. பயலுக விட்டாங்களா? கல்லைக் கொண்டி எறிஞ்சாங்க. அதுக்குத்தான் அவரு பாதாள லிங்கத்துக்குள்ள எறங்கிப் போனாரு. நீயும் அந்தப் பயலுக மாதிரி பண்ணாத."

1896-ல் நடந்த கதை அது. பேரனுக்கு எவ்வளவு புரிந்ததோ, அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனால் 'ஒளிந்தால் விட்டுவிடு' என்று இருந்துவிடவும் முடியாது. பூனை வலியை வெளியே காட்டாது. எப்போதும் மடியில் கிடக்கிற பூனை திடீரென்று புது இடத்தில் போய் ஒடுங்கினால் யோசிக்க வேண்டும். சோற்றுத் தட்டு காலியாகிறதா, மண் தட்டு நனைந்திருக்கிறதா? இந்த இரண்டையும் பார்த்தால் போதும். ஒரு நாள் முழுக்கத் தின்னாத பூனையை டாக்டரிடம் காட்டுவது நல்லது. நாள் கூடினால் ஈரல் கெட ஆரம்பித்துவிடும். கடுவன் பூனை முக்கி முக்கி ஒன்றுக்குப் போக முடியாமல் தவித்தால் உடனே கால்நடை மருத்துவமனை. அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும்.

அம்மாச்சி தினமும் காலையில் முதல் வேலையாக அந்த இரண்டு தட்டையும் பார்த்தார். ராத்திரியில் எல்லோரும் தூங்கியபிறகு சோறு காலியாகியிருந்தது. அதனால் பயமில்லை.

மூன்றாம் நாள் பூனை பெட்டிக்குள் வந்தது. 'பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா' என்பார்களே, அதே கதைதான். தலை உள்ளே, வால் வெளியே! நான்காம் நாள் ராத்திரி வெளியே வந்து குலுக்கையில் கன்னத்தைத் தேய்த்தது. அப்புறம் வாசல் நிலையில். அப்புறம் மருமகனின் காலில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்குப் பேச்சும் அதோடு போயிற்று.

இத்தனை நாளும் அம்மாச்சி மத்தியானம் எல்லாம் அந்த ரூமில்தான் இருந்தார். விரித்த பாய், கையில் பனை விசிறி. பூனைக்குக் காவல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பூனை வெளியே வந்து முற்றத்தில் திரிய ஆரம்பித்தபிறகும் அவர் அங்கேயேதான் இருந்தார்.

"ஏம்மா, எப்பப் பாத்தாலும் இந்த ரூமுலயே கெடக்க?" என்று மகள் கேட்டாள்.

"இங்கனதான் காத்தாட இருக்குத்தா."

அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது.

மகள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, இரண்டு டம்ளரில் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து, பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.