பெரிய பல்லு

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் தன் கைப்பேசியில் ஒரு சைக்கிள் பந்தயம் காட்டினான். ஸ்பெயின் நாட்டின் வடக்கே அஸ்தூரியாஸ் என்ற மலைப்பகுதி. அங்கே ஆங்லிரு என்று ஒரு மலை. ஏற்றம் மட்டும் 12 கிலோமீட்டருக்கு மேல். சில இடங்களில் நூறு அடி போனால் இருபது அடிக்கு மேல் உயர்கிற செங்குத்து. 1999-இல்தான் முதன்முதலாக அந்த நாட்டுப் பெரிய பந்தயத்தை இந்த மலைக்குக் கொண்டுபோனார்கள். உலகின் தலைசிறந்த வீரர்கள் நம் ஊரில் காய்கறிக்காரர் வண்டி தள்ளும் வேகத்தில்தான் அதில் ஏறுகிறார்கள்.

"பின்னாடி இருக்கற பல்லைப் பாருங்க தாத்தா, முப்பதுக்கு மேல இருக்கும். அது இல்லாட்டி இந்த மலையில யாராலயும் ஏற முடியாது" என்றான்.

பேரனுக்கு அது ஒரு சாதாரணத் தகவல். எனக்கு நாற்பது வருடக் கணக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதை இன்று இங்கே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படிக்கும் திருப்பூர் நண்பர்களில் சிலர் இந்தக் கதையை என் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்டது தவறான கதை.

நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் வாத்தியாரை நாங்கள் 'முசே' என்போம். சைக்கிள் பந்தயம் என்றால் அவருக்கு உயிர். 1964-இல் எனக்கு 13 வயது. அந்த ஆண்டு 'தூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தில் அங்க்திலும் பூலிதோரும் ஒரு மலையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஏறினார்கள். அந்தப் படம் வந்த பத்திரிகை, கப்பலில் வந்து சேர்ந்து, வகுப்பெல்லாம் கைமாறிக் கிழிந்தே போயிற்று. அந்தப் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச் என்பவரைப் பற்றியும் முசே அடிக்கடி சொல்வார். தெக்ராஞ்சுக்குக் கியர் என்றாலே பிடிக்காது. கியர் எல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான், ஆண்பிள்ளை தன் தசை பலத்தால் ஏற வேண்டும் என்பது அவர் கட்சி. பதின்மூன்று வயதில் மனத்தில் விழுந்த விதை அது.

1978-இல் மாற்றலாகித் திருப்பூர் வந்தேன். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. என் ஆங்கிலம் அரைகுறை. கோப்பில் நான் எழுதும் குறிப்பைப் படித்து அலுவலகத்தில் சிரிப்பார்கள். அந்தக் குறையை மறைக்க நான் கண்டுபிடித்த வழி, பிரான்ஸ் கதைகள். தேநீர் நேரத்தில் அங்க்தில், பூலிதோர் என்று ஆரம்பித்தால் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

என் வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், எட்டாவது வரை படித்தவர். எல்லோருக்கும் அவர் ஃபிட்டரண்ணன். அந்தக் காலத்துத் திருப்பூரில் காலை சங்கு ஊதும் நேரம் தெரு முழுக்க சைக்கிள்தான். அவரிடமும் ஒரு ஹெர்குலிஸ், என்னிடமும் ஒரு ஹெர்குலிஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அவிநாசி, சேவூர், ஊத்துக்குளி என்று சுற்றி வருவோம்.

குன்னூர் வரை சைக்கிளில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான்தான். 1984 பொங்கல் நோம்பிக்குக் கம்பெனிகள் லீவு விட்டிருந்தார்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஃபிட்டரண்ணன் கோயமுத்தூர் போய், பின்சக்கரத்தின் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் ஃப்ரீவீல் போட்டுக்கொண்டு வந்தார். செயினில் இரண்டு கண்ணி கூடுதலாகச் சேர்த்திருந்தார்.

"எதுக்குண்ணா இது?" என்றேன்.

"மெஷின் திணறுச்சுன்னா புல்லியை மாத்தறோமில்லீங்க தம்பி, அதே மாதிரிதானுங்க. சுத்து கூட வரும், பாரம் கொறையும்."

கணக்கு எளிது. முன்னால் 48 பல், பின்னால் 18 பல் என்றால் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் போகும். பின்னால் 22 என்றால் 5 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது ஒவ்வொரு மிதியிலும் ஐந்தில் ஒரு பங்கு சுமை மிச்சம். சமவெளியில் நஷ்டம், மலையில் லாபம். எட்டாவது படித்தவருக்குப் புரிந்த இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதே உண்மை. "பிரான்ஸ்ல இதையெல்லாம் ஆம்பளை செய்ய மாட்டான்ணா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டார்.

அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கினோம். விடியற்காலை கிளம்பினோம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி, குன்னூர் சுமார் 6,000 அடி. முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் 5,000 அடி ஏற வேண்டும். கல்லாறு வரை பாக்குத் தோப்பு நிழலில் சுகமான பாதை. அங்கே ரயில் தண்டவாளத்தைக் காட்டி அவர் சொன்னார்: "கல்லாத்துல இருந்து குன்னூர் வரைக்கும் ரயிலே பல்லுச் சக்கரம் புடிச்சுத்தானுங்க ஏறுது. நம்ம காலுக்கு மட்டும் எதுக்குங்க தம்பி ரோசம்?"

1899 முதல் அந்த ரயில் அப்படித்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்போதும் நான் கேட்கவில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் நான் எழுந்து நின்று மிதித்தேன். மூன்றாவது வளைவில் மூச்சு முட்டியது. பர்லியாருக்கு முன்பே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டேன். ஃபிட்டரண்ணன் சீட்டில் உட்கார்ந்தபடியே, மெஷின் ஓடுவதுபோல ஒரே சீராக மிதித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். பர்லியாரில் பழக்கடை நிழலில் காத்திருந்தார். நான் வந்ததும் தண்ணீர் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்து காத்திருந்து என்னைக் கூட்டிப்போனார். பிற்பகல் குன்னூர் சேர்ந்தோம். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார், நான் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டு வந்தேன். திரும்பும்போது நான் பயந்து போனதால் இருவர் வண்டியையும் பஸ் மேலே ஏற்றிக் கட்டியதும் அவர்தான். இறக்கத்துக்கென்று இரண்டு ஜோடி பிரேக் கட்டைகள்கூட எடுத்து வந்திருந்தார்.

நோம்பி முடிந்து அலுவலகம் போனேன். "குன்னூர் வரைக்கும் சைக்கிள்லயா!" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். நான் தள்ளியதைச் சொல்லவில்லை. "நான் சாதா ஃப்ரீவீல். ஃபிட்டர் பெரிய பல்லு போட்டு ஏமாத்திட்டாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததால் திரும்பத் திரும்பச் சொன்னேன். 'பெரிய பல்லு' என்பது அவருக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது.

இதில் இன்னொன்று உண்டு. அவருக்கு முன்பற்கள் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். கதை தெரியாதவர்கள் பட்டப்பெயரை அதற்கென்றே நினைத்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை.

பல வருடம் கழித்து அவர் மகள் கல்யாணம். பந்தியில் நான் அதே கதையை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அப்ப சம்பந்திதான் பெரிய பல்லுங்களா?" என்றார். சாம்பார் வாளியோடு நின்றிருந்த ஃபிட்டரண்ணனும் சிரித்தார். சிரிக்கும்போது இடது கையால் வாயை மூடிக்கொண்டார். அதற்கு முன் அவர் அப்படி மூடி நான் பார்த்ததில்லை. அதன்பிறகு மூடாமல் சிரித்தும் பார்த்ததில்லை.

பேரன் படம் காட்டிய அன்று இரவு பழைய பிரெஞ்சை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடிப் படித்தேன். முசே எங்களுக்குச் சொல்லாத ஒருவர் அங்கே இருந்தார். போல் தெ விவி என்பது பெயர், வெலோசியோ என்பது புனைபெயர். 1853-இல் பிறந்தவர். சேந்த் எத்தியேன் என்ற ஊரில் பட்டு வியாபாரம் செய்தவர். அந்த ஊர் பட்டு ரிப்பன் நெசவுக்கும் பின்னாளில் சைக்கிள் தொழிலுக்கும் பேர்போனது. ஊரை ஒட்டியே மலை. 1887-இல் சைக்கிளுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கி, மலை ஏறப் பல கியர் வேண்டும் என்று கடைசிவரை எழுதினார், தானே ஏறியும் காட்டினார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, வீம்புக்காக மிதிக்காதே என்பதெல்லாம் அவர் வகுத்த விதிகள். தெக்ராஞ்ச் அசையவில்லை. பந்தய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பெரிய பல்லில் ஏறினார்கள். ஓடும்போதே செயினை மாற்றும் கியரைத் தூர் தெ பிரான்ஸில் அனுமதித்தது 1937-இல்தான். அதைப் பார்க்க வெலோசியோ உயிரோடு இல்லை. 1930-இலேயே டிராம் மோதி இறந்துபோனார்.

ஆக, நான் 1984-இல் ஃபிட்டரண்ணனிடம் பேசிய வீரம் பிரான்ஸிலேயே 47 வருடங்களுக்கு முன் தோற்றுப்போன வாதம்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலி, நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் பேத்தி பக்கத்தில் இருந்தாள். அவள் முன்பாகவே எல்லாவற்றையும் சொன்னேன். நான் தள்ளிக்கொண்டு போனதையும் சொன்னேன். வெலோசியோவையும் சொன்னேன்.

"அவுரு என்ன தொழிலுங்க தம்பி?"

"பட்டு வியாபாரம்ணா. ரிப்பன் நெய்யற ஊரு."

"தறி பாத்தவருங்களா. அப்பத் தெரியாம இருக்குமா" என்றார். முகத்தில் ஒரு திருப்தி.

மன்னிப்புக் கேட்டேன். "அட உடுங்க தம்பி, ஆபீசுல சொன்னதெல்லாம் எனக்கொண்ணும் இல்லீங்க. அந்தக் கண்ணாலத்துல சொன்னது மட்டும்..." என்று நிறுத்திக்கொண்டு, பேத்தியிடம் காப்பி போடச் சொன்னார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காப்பி குடித்த பிறகு, "இப்ப ஓட்டறீங்களா?" என்றார். மகன் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளில் காலையில் அவிநாசி ரோட்டில் கொஞ்சதூரம் போகிறேன் என்றேன். "பின்னாடி எத்தனை பல்லுங்க?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்ததில்லை என்றேன். "எண்ணிட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

இளைஞர்கள் யாராவது இந்த மலைகளுக்குச் சைக்கிளில் போவதானால் சில வார்த்தைகள். குன்னூர் சாலையில் இன்று வண்டி நெரிசல் அதிகம், அதிகாலையில் ஏறுங்கள். கோடை சீசனில் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரிப் பாதை என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் போகும் பாதை யானைக் காடு. இரண்டிலும் பகலில் மட்டும், சோதனைச் சாவடியில் விசாரித்துவிட்டுப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியும், தவிர்த்துவிடுங்கள். எந்த மலையானாலும் பெரிய பல் போட்டுக்கொள்ளுங்கள். வெட்கம் வேண்டாம்.

என்னிடம் அந்தப் பழைய கதையைக் கேட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எங்காவது அதைச் சொல்ல நேர்ந்தால் இப்படிச் சொல்லுங்கள்: 1984 பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் குன்னூர் கிளம்பினார்கள். மலையை ஓட்டி ஏறியவர் ஃபிட்டர். தள்ளிக்கொண்டு போனவன் கிளார்க்.